முத்தநாதனின் சுவடிக்கட்டு முதல் மஞ்சள் அறை வரை

துப்பறியும் கதை படிக்கிறவர்களுக்கு மாறுவேடம் நன்றாகப் பழகிய சங்கதி. தெருமுனைப் பிச்சைக்காரர் கடைசியில் துப்பறிவாளராக இருப்பார். ஒட்டுத்தாடி கழன்று விழும். செத்துப்போனார் என்று ஊரே அழுது முடித்த ஆள் கூடத்தில் வந்து நிற்பார். இதெல்லாம் லண்டனிலும் பாரிஸிலும் தயாராகிக் கப்பலேறி வந்த சரக்கு என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதியைத் திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலிருந்து தொடங்கலாம்.

பதினான்கு கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கமாக இருக்கிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலைப் பார்த்தவர்களில் பலர் அருகிலுள்ள மாணிக்கவாசகர் கோயிலைக் கவனிக்காமலே நடந்துவிடுகிறார்கள். திருவெம்பாவை பிறந்த இடம் இதுதான் என்பது ஊர் மரபு. அந்த மாணிக்கவாசகரின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள்; முழுக்க ஆள்மாறாட்டம். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணம் திருப்பெருந்துறைக் கோயில் திருப்பணிக்குப் போய்விட்டது. அமைச்சரான மாணிக்கவாசகரைக் காப்பாற்றச் சிவபெருமானே குதிரை வணிகராக வருகிறார். ஓட்டி வந்த குதிரைகள் உண்மையில் நரிகள். மன்னன் பரிசாகத் தந்த பட்டாடையைக் கையால் வாங்காமல் சவுக்கு நுனியால் வாங்கிக்கொள்கிறார்; இந்த வணிகர் யாரோ என்று மதுரைக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுத்து, வைகைக் கரையடைக்கும் கூலியாளாக வந்து, வந்தி என்ற கிழவியிடம் பிட்டு வாங்கித் தின்றுவிட்டுத் தூங்குகிறார். பாண்டியன் அடித்த பிரம்படி ஊரிலுள்ள எல்லார் முதுகிலும் விழுந்த பிறகுதான் வேடம் கலைகிறது.

நம் நாட்டில் வேடத்தின் முதல் முதலாளி அரசு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஒற்றர்களை வகை பிரிக்கும்போது மாணவராக, வணிகராக, துறவியாகத் திரிபவர்களைத் தனித்தனியே சொல்கிறது. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரமும் துறவிக் கோலத்தில் போகிற ஒற்றனைப் பேசுகிறது. பிடித்து வைத்து என்ன செய்தாலும் வாய் திறக்காதவன்தான் ஒற்றன் என்கிறது. எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம், எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதால் காவியும் திருநீறும் உளவுக்கு மிக வசதியாக இருந்தன.

முழுமையான மர்மக் கதையாகவே மாறுவேடத்தைப் பின்னிய முதல் தமிழ் நூல் என்று நான் மணிமேகலையைத்தான் சொல்வேன். இளவரசன் உதயகுமாரன் மணிமேகலையை விடாமல் பின்தொடர்கிறான். தப்பிக்க அவள் காயசண்டிகை என்கிற விஞ்சைப் பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் தீராப் பசிக்கான சாபக்காலம் அப்போது முடிந்திருக்கிறது. அவளைத் தேடி அவள் கணவன் காஞ்சனன் புகாருக்கு வருகிறான். தன் மனைவி தன்னை ஏறெடுத்தும் பாராமல் ஓர் இளவரசனோடு நின்று பேசுவதைக் காண்கிறான். அவள் இளவரசனுக்கு இளமை நிலையாமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்; அது காஞ்சனனுக்கு எப்படித் தெரியும்? இரவில் உலக அறவி என்னும் பொது அம்பலத்தில் மறைந்திருந்து, வந்த இளவரசனை வாளால் வெட்டிக் கொல்கிறான். உண்மையைச் சொல்வது தூணில் இருக்கும் தெய்வம், கந்திற்பாவை. அசல் காயசண்டிகை வீடு திரும்பும் வழியிலேயே விந்திய மலையில் மாண்டுபோனாள் என்ற செய்தியும் அப்போதுதான் காஞ்சனனுக்குக் கிடைக்கிறது. ஆள்மாறாட்டம், தவறான ஆளைக் கொல்லுதல், நிரபராதியான பெண்ணுக்குச் சிறை, கடைசியில் ஒருவர் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுதல். இருபதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் பெருமையோடு பயன்படுத்திய உறுப்புகள் அத்தனையும் மணிமேகலையை எழுதிய சாத்தனார் கையில் அப்போதே இருந்தன.

அடி அண்ணாமலையிலிருந்து தெற்கே, தென்பெண்ணைக் கரைக்கு வருவோம். திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரின் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதினார். அவரிடம் போரில் மீண்டும் மீண்டும் தோற்ற பகைவன் முத்தநாதனுக்கு ஒரு வழி தெரிகிறது. இந்த அரசர் திருநீற்றைக் கண்டால் கேள்வி கேட்க மாட்டார். உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, கையில் ஒரு சுவடிக்கட்டோடு வருகிறான். கட்டுக்குள் கத்தி. வாயிற்காவலர் எல்லாரும் வணங்கி வழிவிடுகிறார்கள். பள்ளியறை வாசலில் காவலன் தத்தன் ஒருவன் மட்டும் தடுக்கிறான்: அரசர் உறங்குகிறார். யாரிடமும் இல்லாத ஆகம நூல் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லி முத்தநாதன் நுழைகிறான். அரசியை விலக்கச் சொல்கிறான். அரசர் அவனை இருக்கையில் இருத்தித் தாம் தரையில் அமர்கிறார். கட்டு அவிழ்கிறது.

ஐரோப்பியக் கதை எதுவும் செய்யத் துணியாத காரியம் அடுத்து வருகிறது. தத்தன் வாளோடு பாய, குத்துண்ட அரசர் தடுக்கிறார். வந்தவன் நம்மவன், ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடு என்கிறார். கொதித்து நிற்கும் ஊருக்கு நடுவே கொலைகாரனை அழைத்துப் போய் விட்டுவிட்டுத் தத்தன் திரும்பி வந்து சொல்லும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வேடம் பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் அந்தக் கோலத்துக்குரிய மரியாதையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. ஒட்டுத்தாடியைப் பிடித்திழுக்கும் துப்பறிவாளர்களை ரசித்து வளர்ந்த நமக்கு இந்த முடிவு இன்றும் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது.

திருக்கோவலூர் இருக்கும் அதே நடுநாட்டில், அதே பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூரில் ஒரு வழக்கு நடக்கிறது. கிழவேதியராக வந்த இறைவன் சுந்தரரைத் தம் அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். அது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் அதைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. சுந்தரரின் பாட்டனார் கைப்பட எழுதிய வேறு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தடயவியல் என்ற துறை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு எழுதப்பட்ட காட்சி இது.

திருவண்ணாமலைக்கே சொந்தமான வேடக் கதை வல்லாள மகாராஜனுடையது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் இவ்வூரைத் தலைநகர்களில் ஒன்றாக வைத்திருந்தான். மதுரை சுல்தானுடன் நடந்த போரில் இறந்தான். சிவனடியாராக வந்த ஈசன் அரசியின் கை பட்டதும் குழந்தையாகி, பிள்ளையில்லாத மன்னனுக்குப் பிள்ளையானார் என்பது ஊர்ப் புராணம். அந்த உறவு இன்னும் முடியவில்லை. மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் வல்லாளனுக்கு மகனாக இருந்து திதி கொடுக்கிறார்.

இனிக் கடல் கடப்போம். பிரான்சில் பலமுறை சிறையிலிருந்து வேடமிட்டுத் தப்பிய விடோக் என்ற குற்றவாளி, பிறகு பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்கே தலைவரானார். 1828-ல் அவருடைய நினைவுக் குறிப்புகள் வெளிவந்தன. எட்கர் ஆலன் போ 1841-ல் துப்பறிவாளர் துப்பேனைப் படைத்தபோது விடோக்கின் பெயரையே கதைக்குள் எடுத்துப் பேசினார். துப்பேன் பின்னொரு கதையில் பச்சைக் கண்ணாடி அணிந்துகொண்டு, திருடிய கடிதம் எங்கே என்று அமைச்சர் வீட்டை நோட்டம் விடுகிறார். 1861-ல் திருமதி ஹென்றி வுட் எழுதிய ஈஸ்ட் லின் நாவலில் ஒரு பெண் நீலக் கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் சொந்த வீட்டுக்கே, தன் சொந்தக் குழந்தைகளுக்கே ஆசிரியையாக வருகிறாள்.

இன்னொரு ஆங்கில நாவலின் வேர் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1767-ல் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியோடு ஆங்கிலேயர் மோதினார்கள். அந்தப் பகை 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் வீழ்ச்சியோடு முடிந்தது. அந்த முற்றுகையின் கொள்ளையில்தான் வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ தொடங்குகிறது. 1868-ல் வந்த அந்நாவலில் மூன்று இந்திய அந்தணர்கள் வித்தைக்காரர்களாக வேடமிட்டு, கொள்ளைபோன வைரத்தைத் தேடி இங்கிலாந்து போகிறார்கள். கடைசியில் கறுப்பு மாலுமியாக வேடமிட்டுச் செத்துக்கிடப்பவரின் தாடியையும் பொய்முடியையும் எடுத்தால், கண்ணியத்துக்குப் பெயர்போன ஒரு வெள்ளைக்காரர். நம் மண்ணில் நடந்த போர் ஆங்கிலத்தின் மிகச் சிறந்த துப்பறியும் நாவல்களில் ஒன்றுக்கு விதையானது.

ஷெர்லக் ஹோம்ஸ் 1891-ல் குதிரைக்காரனாகவும் பாதிரியாராகவும் வேடமிட்டு ஐரீன் ஆட்லரை ஏமாற்றப் போக, அவள் ஆண் உடையில் அவர் வாசலிலேயே வந்து இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். அருவியில் விழுந்து இறந்ததாக நம்பப்பட்ட ஹோம்ஸ் 1903-ல் திரும்பி வருவது கூன் விழுந்த கிழட்டுப் புத்தகக்காரராக, கை நிறையப் புத்தகங்களோடு. திருக்கோவலூரில் நூல்கட்டு ஓர் உயிரை எடுத்தது. லண்டனில் செத்தவர் ஒருவர் நூல்கட்டோடு உயிர்த்து வந்தார்.

இவை தமிழுக்கு வந்த வழி, கையில் கிடைத்ததைப் படித்துச் சுவைத்தவர்கள் போட்ட வழி. ஜி. டபிள்யூ. எம். ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயரை அவருடைய நாட்டு விமர்சகர்கள் மதிக்கவில்லை. இந்தியாவில் அவர் நாவல்கள் கைமாறிக் கைமாறிக் கிழிந்தன. தனித்தமிழ் தந்த மறைமலையடிகளே ரெனால்ட்ஸின் லீலாவைத் தழுவிக் குமுதவல்லி எழுதினார், 1911-ல். அதற்கு முன்பே 1894-ல் பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணரைத் தமிழுக்குக் கொடுத்திருந்தார். இதே நடேச சாஸ்திரிதான் நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தவர், மதனகாமராஜன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். ஒரே மேசையில் இந்த இரண்டு வேலைகளும் நடந்தன. பெண்கள் ஆண் உடையில் தேசம் போவதும் வேற்றுருவில் அரண்மனை புகுவதும் நம் பழங்கதைகளில் தாராளம். தானவனை வரவேற்ற வாசகர்கள் அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

அடுத்தவரை நான் கொஞ்சம் சொந்தம் கொண்டாடியே எழுதுகிறேன். ஆரணி குப்புசாமி முதலியார், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்காரர். ஆனந்தபோதினி இதழின் ஆசிரியர். 1925-ல் காலமாவதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். அவருடைய துப்பறிவாளர் ஆனந்த சிங். ரெனால்ட்ஸ், கானன் டாயில் என்று யாரையும் விடவில்லை. பெயரை மாற்றி, ஊரை மாற்றி, நடுவில் நீதியும் வேதாந்தமும் சேர்த்துக் கொடுத்தார். அவருடைய மஞ்சள் அறையின் மர்மம், பிரெஞ்சு எழுத்தாளர் கஸ்தோன் லெரூ 1907-ல் எழுதிய நாவலின் தழுவல். இதை இனிமேல் படிக்க நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

உள்ளே தாழிட்ட அறை. பெண்ணின் அலறல். கதவை உடைத்தால் அவள் குற்றுயிராகக் கிடக்கிறாள், தாக்கியவனைக் காணோம். புகழ்பெற்ற போலீஸ் துப்பறிவாளர் ஒருவர் வந்து வழக்கை எடுத்துக்கொள்கிறார். பதினெட்டு வயதுப் பத்திரிகைக்காரன் ரூல்தாபியும் துப்புத் துலக்குகிறான். கடைசியில், தேடிக்கொண்டிருந்த துப்பறிவாளரே தேடப்பட்ட குற்றவாளி. பல ஆண்டுகளாகப் போலீஸ்காரராக வேடமிட்டு வாழ்ந்திருக்கிறான். யாரை நம்பி வாசகர் பக்கம் பக்கமாக நடந்தாரோ, அவரே தாக்கியவர். வாயிற்காவலர் வணங்கி உள்ளே விட்ட முத்தநாதன் இங்கே போலீஸ் அதிகாரியாக நிற்கிறான். பாரிஸ் வாசகர்களுக்கு வந்த அதிர்ச்சி இருபது ஆண்டுகூட ஆவதற்குள் தமிழ் வாசகர்களுக்கும் வந்து சேர்ந்தது. தழுவல்காரர் என்று ஆரணியாரை ஒதுக்கிவைத்த இலக்கிய வரலாறுகள் அவருக்கு அநியாயம் செய்திருக்கின்றன.

ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைக் கொண்டுவந்தார். சந்திரகாந்தாவில் மடாதிபதி வேடத்துக்குள் இருந்த அயோக்கியத்தனத்தை உரித்துக் காட்டினார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் அதைத் தலைகீழாக்கினார். அவருடைய திகம்பர சாமியார், சாமியாராகவே இருந்துகொண்டு துப்பறிகிறவர். எனக்கு இது மிகப் பெரிய பாய்ச்சலாகத் தோன்றுகிறது. அர்த்தசாஸ்திரத்து ஒற்றன், முத்தநாதன் போட்ட வேடம், ஹோம்ஸின் மூளை மூன்றையும் சேர்த்து, மக்கள் மறுபடியும் நம்பி வணங்கக்கூடிய ஒரு சாமியாரை வடுவூரார் உருவாக்கினார். கல்கியும் பார்த்திபன் கனவில் நரசிம்மவர்ம சக்கரவர்த்தியைச் சிவனடியாராக நடமாட விட்டார். துரோகம் செய்த கோலத்துக்கே அரசனைக் காவல் போட்ட கற்பனை அது.

புத்தகத்திலிருந்து மேடைக்கு ஏற அதிக நாள் ஆகவில்லை. எம். கந்தசாமி முதலியார் ரங்கராஜுவின் நாவல்களையும் வடுவூராரின் மேனகாவையும் நாடகமாக்கினார். நடித்தவை பாய்ஸ் கம்பெனிகள். பெண் பாத்திரங்களுக்கும் பையன்களே. விடிய விடியத் திரௌபதியாக ஆண்கள் ஆடும் கூத்தைப் புரிசை, செய்யாறு வட்டாரத்தில் பார்த்துப் பழகிய கண்களுக்கு இதில் வியப்பில்லை. காப்பியடிப்பதும் அங்கே மும்முரம். 1936-ல் எம்.ஜி.ஆர். போலீஸ்காரராக அறிமுகமான சதி லீலாவதி, பதி பக்தி நாடகத்தின் நகல் என்று வழக்கு வந்தது. இரண்டுக்கும் மூலம் ஆங்கில நாவல் என்று கதாசிரியர் எஸ். எஸ். வாசன் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். அந்த ஆங்கில நாவலான டேன்ஸ்பரி ஹவுஸை எழுதியவர், நீலக் கண்ணாடி ஆசிரியையைப் படைத்த அதே திருமதி ஹென்றி வுட்.

1950-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் திகம்பர சாமியாரைப் படமாக்கியது. டி. ஆர். சுந்தரம் இயக்கம், எம். என். நம்பியார் கதாநாயகர், படம் முழுக்க வேடம் மாற்றி மாற்றி வருவார். நவாப் ராஜமாணிக்கம் கம்பெனியில் வளர்ந்த நம்பியார், திரையில் வில்லனாகத் திட்டு வாங்கியபடியே வாழ்நாள் முழுக்கச் சபரிமலைக்கு மாலை போட்ட குருசாமியாகவும் இருந்தார்.

திருவண்ணாமலைக்கு உளவுக் கதை எழுத்தாளர் ஒருவரும் வந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. முதல் உலகப் போரில் எழுத்தாளர் என்ற போர்வையில் ஜெனீவாவில் பிரிட்டனுக்கு உளவு பார்த்தவர் சாமர்செட் மாம். அந்த அனுபவத்தில் 1928-ல் அவர் எழுதிய ‘அஷெண்டன்’தான் பின்னால் வந்த உளவுக் கதைகளுக்கு முன்னோடி. 1938-ல் ரமணாசிரமம் வந்த மாம் அங்கே மயங்கி விழுந்தார். ரமணர் அவர் இருந்த அறைக்கே வந்து பேசாமல் அமர்ந்திருந்தார். வேடங்களையே எழுதிப் பழகிய மனிதர், எந்த வேடமும் போடாத ஒருவரைப் பற்றிப் பிறகு ‘மகான்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார்.

வேடக் கலையின் உச்சம் தமிழில் எது என்று கேட்டால் யோசிக்காமல் புதிய பறவை என்பேன். அதன் பயணமும் அழகு. 1958-ல் ‘சேஸ் எ க்ரூக்கட் ஷேடோ’ என்ற பிரிட்டிஷ் படம். இறந்துபோன அண்ணன் நான்தான் என்று ஒருவன் வந்து நிற்க, ஒரு பெண் தவிக்கிறாள். 1963-ல் அது வங்காளத்தில் ‘சேஷ் அங்க’ ஆகிறது. இறந்த அண்ணனின் இடத்தில் இறந்த மனைவி வருகிறாள். 1964-ல் தாதா மிராசி இயக்கத்தில் சிவாஜியின் புதிய பறவை. இறந்த மனைவி சித்ரா நான்தான் என்று சௌகார் ஜானகி வருகிறார். இவள் அவளல்ல என்று நிரூபிக்க, சிவாஜி நடித்த கோபாலுக்கு ஒரே வழிதான் உண்டு: அவள் எப்படிச் செத்தாள் என்று சொல்ல வேண்டும். சொல்கிறார். சொன்னதும் காதலி லதா, அவள் தந்தை, சித்ராவின் மாமாவாக வந்தவர் என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் வேடம் கலைக்கிறார்கள். எல்லாரும் போலீஸ். பொய் வேடம் ஒன்று உண்மையை இழுத்து வெளியே போட்டுவிட்டது. ஆனால் படம் பார்த்த தமிழர்கள் லதாவைப் பார்த்துக் கைதட்டவில்லை, கோபாலுக்காக அழுதார்கள். தத்தனுக்குக் கட்டளையிட்ட அந்தப் பழைய அரசரின் மனம் நம் அரங்குகளில் இன்னும் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசி பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்களில் ஆனந்தபோதினி இதழ்களும் ஆரணியாரின் நாவல்களும் கிடக்க வாய்ப்புண்டு. அட்டை போயிருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்துவைத்த நூல்களில் வேர்விட்டதுதான் இன்று சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். அங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.